அழிய இருந்த சிரிப்பு

காற்றிலே பிறந்து காற்றிலேயே மறைவது ஒலிபரப்பின் இயல்பு. வானொலியில் ஒருவர் பேசுகிறார், நாம் கேட்கிறோம், பேச்சு முடிந்ததும் அது போன இடம் தெரிவதில்லை. எழுதி, அச்சிட்டு, நூலாகத் தொகுத்தாலன்றி அது நிலைப்பதில்லை. தொலைக்காட்சிக்கும் நெடுங்காலம் இவ்விதியே இருந்து வந்தது. இன்று பல நாடுகளில் மக்கள் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, வேண்டும்போதெல்லாம் போட்டுப் பார்த்துச் சிரிக்கும் ஒரு நகைச்சுவைத் தொடர், ஒரு காலத்தில் தடயமின்றி அழிந்துபோகும் நிலையில் இருந்தது. 'மாண்டி பைத்தானின் பறக்கும் சர்க்கஸ்' என்பது அதன் பெயர். அது எத்தகையது, எவ்வாறு பிழைத்தது, வீட்டுக்கு வந்து சேர்ந்ததனால் விளைந்த பயன் யாது என்னும் மூன்றையும் மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

முதலில் தொடரின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இது 1969 அக்டோபர் 5-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. 1974 டிசம்பர் வரை நான்கு பருவங்களாக, மொத்தம் 45 பகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொரு பகுதியும் அரை மணி நேரம். எழுதியவர்களும் முதன்மையாக நடித்தவர்களும் ஆறு பேர். கிரகாம் சாப்மன், ஜான் கிளீஸ், எரிக் ஐடில் ஆகிய மூவரும் கேம்பிரிட்ஜில் பயின்றவர்கள். டெர்ரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் ஆகிய இருவரும் ஆக்ஸ்போர்டில் பயின்றவர்கள். ஆறாமவர் டெர்ரி கில்லியம், அமெரிக்காவிலிருந்து வந்த ஓவியர். சாப்மன் மருத்துவம் படித்தவர். கிளீஸ் சட்டம் படித்தவர். பேலின் வரலாறு படித்தவர். கல்லூரி மேடையில் நண்பர்களைச் சிரிக்க வைக்கத் தொடங்கிய பழக்கமே இவர்களை இத்துறைக்கு இழுத்து வந்தது.

மாண்டி பைத்தான் என்று ஒரு மனிதர் இருந்ததே இல்லை. தொடருக்குப் பெயர் தேடியபோது, 'ஆந்தையை இழுத்து நீட்டும் நேரம்' என்பது போன்ற பெயர்களையெல்லாம் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். பொருளற்ற பெயரே தங்கள் தொடருக்குப் பொருத்தம் என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

இனி, இத்தொடரின் தன்மைக்கு வருவோம். 'ஸ்கெட்ச்' என்று ஆங்கிலத்தில் வழங்குவதை நாம் துணுக்கு நாடகம் எனலாம். மூன்று அல்லது நான்கு மணித்துளிகளில் முடிந்துவிடும் சிறு நாடகம் அது. ஒரு கடை, ஓர் அலுவலகம், ஓர் உணவு விடுதி என்று ஏதேனும் ஓர் இடம். இரண்டு மூன்று பாத்திரங்கள். வேடிக்கையான ஓர் எண்ணம். வழக்கமான துணுக்கு நாடகம் கடைசி வரியில் ஒரு வெடிச்சிரிப்போடு முடியும். எழுத்தாளனுக்குத் தொல்லை தருவது அந்தக் கடைசி வரிதான். நடுவில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முடிவு சப்பென்று போய்விட்டால் நாடகம் முழுவதும் சப்பென்று போய்விடும். பைத்தான் குழுவினர் இந்தச் சிக்கலை அவிழ்க்க முயலவில்லை, முடிச்சையே அறுத்துவிட்டனர். முடிவு கிடைக்கவில்லையானால் நாடகத்தை நடுவிலேயே நிறுத்தினர். இராணுவ அதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்து, இது மிகவும் அசட்டுத்தனமாகப் போகிறது என்று கண்டித்து நிறுத்துவார். அல்லது கில்லியத்தின் அசையும் ஓவியத்திலிருந்து ஒரு பெரிய பாதம் இறங்கி, அனைத்தையும் நசுக்கிவிடும். அந்தப் பாதம், இத்தாலிய ஓவியர் பிரான்சினோ தீட்டிய வீனஸ் ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. மூல ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது.

இம்முறையை முற்றிலும் அவர்களே கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்களுக்கு முன்னோடியாக நின்றவர் ஸ்பைக் மில்லிகன். இவர் 1918-இல் நம் நாட்டில், அகமத்நகரில், ஓர் இராணுவக் குடும்பத்திற் பிறந்தவர். 1951 முதல் 1960 வரை பி.பி.சி. வானொலியில் ஒலித்த 'கூன் ஷோ' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியைப் பெரும்பாலும் எழுதியவர் இவரே. காட்சியே இல்லாத வானொலியில், ஓசையைக் கொண்டே நடவாதவற்றையெல்லாம் நடத்திக் காட்டினார். 1969-இன் தொடக்கத்தில் 'கியூ 5' என்னும் தொலைக்காட்சித் தொடரிலும் துணுக்குகளை முடிவின்றி விட்டுச் சென்றார். அத்தொடரை இயக்கிய இயான் மக்நாட்டனே பின்பு பைத்தான் தொடரின் பெரும்பகுதியையும் இயக்கினார். ஆகவே, இந்தப் பறக்கும் சர்க்கசுக்கு வித்து வானொலியில் விதைக்கப்பட்டது என்று சொல்வது மிகையாகாது.

எள்ளலும் பேதைமையும் நகைக்கு நிலைக்களன்களாகும் என்பது தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கண்ட உண்மை. பைத்தான் நகைச்சுவையை ஆராய்ந்தால் இவ்விரண்டும் கைகோத்து நிற்பதைக் காணலாம். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, 1969 டிசம்பரில் வந்த கிளி நாடகம். கடையிற் கிளி வாங்கிச் சென்ற ஒருவர், சிறிது நேரத்திற்குள் திரும்பி வந்து, கிளி செத்துக் கிடக்கிறது என்று முறையிடுகிறார். கடைக்காரரோ, கிளி ஓய்வெடுக்கிறது என்கிறார். அது கூண்டுக் கம்பியில் நின்றதற்குக் காரணம், கால்களை ஆணியடித்து வைத்திருந்ததுதான். அதற்கும் கடைக்காரரிடம் விடை உண்டு. பொறுமை இழந்த வாடிக்கையாளர், 'செத்துவிட்டது' என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வழக்குகள் உண்டோ அத்தனையையும் மூச்சு விடாமல் அடுக்கித் தீர்க்கிறார். நம் மொழியிலும் சாவுக்கு மங்கல வழக்குகள் எத்தனை! காலமானார், இயற்கை எய்தினார், மறைந்தார், இறைவனடி சேர்ந்தார் என்கிறோம். இழிவழக்கில் மண்டையைப் போட்டான் என்கிறோம். ஒரு கிளியின் பொருட்டு, கடை வாயிலில் நின்று, இவற்றையெல்லாம் வரிசையாக ஒருவர் முழங்குவதாக எண்ணிப் பாருங்கள். சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். கண்ணெதிரே கிடக்கும் உண்மையை ஒருவன் நாணமின்றி மறுக்கும்போது, சொல் எவ்வளவு வளமுடையதாயினும் பயனற்றுப் போகிறது. விற்ற பொருளில் பழுதில்லை என்று சாதிக்கும் வணிகரை நாம் அனைவரும் அறிவோம். அந்த அன்றாட அனுபவமே இங்கு எல்லை கடந்து நிற்கிறது.

இரண்டாவது, 1970 செப்டம்பரில் வந்த நாடகம். அசட்டு நடைகளுக்கென்று அரசாங்கத்தில் ஓர் அமைச்சகம் இயங்குகிறது. கறுப்புக் கோட்டும் வட்டத் தொப்பியும் அணிந்த உயர் அதிகாரி, காலை வானத்துக்கும் பூமிக்குமாக வீசிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்து வருகிறார். தம் அசட்டு நடையை மேலும் வளர்க்க அரசின் உதவித்தொகை வேண்டும் என்று ஒருவர் விண்ணப்பிக்கிறார். அவருடைய நடையில் அசட்டுத்தனம் போதாது என்று அதிகாரி கவலைப்படுகிறார். நிதி ஒதுக்கீட்டின் குறையை எடுத்துச் சொல்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடிப்படை எண்ணம் ஒன்றுதான் பைத்தியக்காரத்தனமானது. அதற்குமேல் நடப்பன யாவும் அலுவலக ஒழுங்குப்படியே நடக்கின்றன. பொய்யான ஒரு கருதுகோளை ஏற்றுக்கொண்டு, பிறகு தருக்க நெறி தவறாமல் இறுதிவரை செல்வதே இவர்களுடைய உத்தி. கணிதம் பயிலும் மாணவர்களுக்கு இம்முறை அந்நியமானதன்று. ஒன்றைத் தற்காலிகமாக மெய்யென்று கொண்டு, அது எந்த முரண்பாட்டில் கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதும் இதே வழிதான்.

இத்தொடரில் குறைகள் இல்லாமல் இல்லை. பெண் பாத்திரங்களிற் பெரும்பாலானவற்றை ஆண்களே கிரீச்சுக் குரலில் நடித்தனர்; எள்ளல் சிலவிடங்களில் கொடுமையாகவும் இருக்கிறது. சில துணுக்குகள் இன்று சிரிப்பூட்டவே இல்லை. அவற்றையும் சேர்த்தே பார்த்து, நல்லது எது, அல்லது எது என்று பிரித்தறிவதே மாணவர்க்கு அழகு. அவ்வாறு பிரித்தறிய வேண்டுமானால், பொருள் முழுமையாக நம் கைக்கு வந்து சேர வேண்டும். இதுவே என் பேச்சின் இரண்டாம் பகுதிக்கு வழி வகுக்கிறது.

அக்காலத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் பதிவு செய்யப்பட்டன. இவ்வகைப் பதிவுக்கருவியை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் அறிமுகப்படுத்தியது. நாடாவின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய காந்தத் துகள்கள், ஒளியும் ஒலியும் மின்குறிகளாக மாறிய வடிவத்தைப் பற்றிக்கொள்கின்றன. இந்நாடாவுக்கு ஒரு சிறப்பு உண்டு. அதுவே அதன் கேடுமாயிற்று. பதிந்ததை அழித்துவிட்டு மீண்டும் அதிலேயே வேறொன்றைப் பதிய முடியும். நாடாவின் விலையோ மிக அதிகம். நடிகர் சங்கங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளால், ஒரு நிகழ்ச்சியை மறுஒளிபரப்புச் செய்வதற்கும் வரம்பு இருந்தது. வீட்டிலே நாடா போட்டுப் பார்க்கும் காலம் வரும் என்று அன்று யார் நினைத்தார்கள்? ஆகவே, ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சிகளை அழித்து நாடாவை மீண்டும் பயன்படுத்துவதே சிக்கனம் எனக் கருதப்பட்டது. பள்ளிச் சிறுவர் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதுவது போன்ற செயல் இது.

இவ்வாறு அழிந்தவை பல. பீட்டர் குக், டட்லி மூர் என்னும் இரு பெரும் நகைச்சுவைக் கலைஞர்கள் 1960-களில் நடத்திய 'நாட் ஒன்லி, பட் ஆல்சோ' என்னும் தொடரின் பெரும்பகுதி போய்விட்டது. கிளீசும் சாப்மனும் பைத்தானுக்கு முன்பு, 1967-இல், வேறொரு நிறுவனத்தில் நடித்த 'அட் லாஸ்ட் தி 1948 ஷோ' என்னும் தொடரும் இதே கதிக்கு ஆளானது. பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அதைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்தனர். அத்தொடரைத் தயாரித்த டேவிட் பிராஸ்டின் சேகரிப்பிலிருந்து இரு பகுதிகள் 2014-இல் வெளிப்பட்டன. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த தமிழறிஞர்களின் வரலாற்றை அறிந்த நமக்கு, இந்தத் தேடலின் அருமை எளிதில் விளங்கும்.

பைத்தான் தொடரும் இந்த ஆபத்துக்குத் தப்பியதன்று. நாடாக்கள் அழிக்கப்பட இருக்கின்றன என்ற செய்தி தம் காதுக்கு எட்டியதாகவும், உடனே அவற்றை இரவல் பெற்று, வீட்டில் அக்காலத்தில் வந்திருந்த பிலிப்ஸ் வீடியோப் பதிவுக்கருவியில் படியெடுத்து வைத்ததாகவும் டெர்ரி ஜோன்ஸ் பின்னாளில் சொன்னதுண்டு. அந்தக் கருவி 1972-இல் விற்பனைக்கு வந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளும் அத்தகைய காசெட்டு ஒன்றே, தம் தொடரின் ஒரே நினைவுச் சின்னமாக நின்றுவிடுமோ என்று அவர் அஞ்சினார். நல்வேளையாக மூல நாடாக்களும் அழிவிலிருந்து தப்பின. 1974-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரிலிருந்த கே.இ.ஆர்.ஏ. என்னும் பொதுத் தொலைக்காட்சி நிலையம் இத்தொடரை ஒளிபரப்பியது. அங்குக் கிடைத்த வரவேற்பு பிற நிலையங்களுக்கும் பரவியது. கடல் கடந்த நாட்டில் கேட்பார் தோன்றிய ஒரு பொருளை அழிக்க எவரும் எளிதில் துணியார்.

ஆயினும் அமெரிக்காவில் வேறொரு சோதனை காத்திருந்தது. அழிப்பது ஒரு கேடு என்றால், சிதைப்பது மற்றொரு கேடு. 1975 அக்டோபரில் ஏ.பி.சி. என்னும் வணிக நிறுவனம், நான்காம் பருவத்தின் மூன்று பகுதிகளை ஒரே நிகழ்ச்சியாக இணைத்து ஒளிபரப்பியது. மூன்று அரை மணிகள் சேர்ந்தால் 90 மணித்துளிகள். அவற்றுள் 24 மணித்துளிகள் விளம்பரத்துக்கு இடம் வேண்டியும், சில பகுதிகள் தகாதவை எனக் கருதப்பட்டும், வெட்டப்பட்டன. வெட்டியவர்கள் சிரிப்பின் நரம்பையே வெட்டிவிட்டனர். ஒரு துணுக்கின் தொடக்கம் இருக்கும். அது எதற்காகத் தொடங்கியதோ அந்த இடம் இராது. பதிவைப் பார்த்து மனம் வருந்திய குழுவினர், அடுத்த ஒளிபரப்பைத் தடுக்குமாறு நியூயார்க் நீதிமன்றத்தை அணுகினர். முதலில் தடை கிடைக்கவில்லை. டிசம்பர் 26-இல் இரண்டாம் ஒளிபரப்பும் நடந்தேறியது. ஆனால் 1976 ஜூன் 30-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவினர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. எழுதியவரின் இசைவின்றிப் படைப்பைச் சிதைத்து, அவர் பெயராலேயே வெளியிடுவது, படைப்பாளியைப் பற்றித் தவறான எண்ணத்தைப் பொதுமக்களிடம் பரப்புவதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இன்றும் சட்டக் கல்லூரிகளில் படைப்பாளியின் உரிமை பற்றிப் பேசும்போது இவ்வழக்கை எடுத்துக்காட்டுகின்றனர். வழக்கின் விளைவாக ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொடரின் உரிமை பின்னர்க் குழுவினர் கைக்கே வந்தது. அந்நாளில் எழுத்தாளர்க்கு இத்தகைய உரிமை கிட்டுவது அரிது.

இனி மூன்றாம் பகுதி. 1975-இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் கருவியும், 1976-இல் ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். கருவியும் வந்தன. இரண்டங்குல நாடா அரையங்குலமாகச் சுருங்கி, புத்தகம் அளவுள்ள பெட்டிக்குள் அடங்கியது. 1996-இல் டிவிடி என்னும் குறுந்தட்டு பிறந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அத்தட்டில், காந்தத் துகள்களுக்குப் பதிலாக நுண்ணிய குழிகள். அவற்றைப் படிப்பது லேசர் ஒளி. உரசல் இன்மையால், பார்க்கப் பார்க்கத் தேயும் குறை இதில் இல்லை. பறக்கும் சர்க்கஸ் முதலில் காசெட்டாகவும், பின்பு குறுந்தட்டாகவும் வெளிவந்தது. தொடரின் ஐம்பதாம் ஆண்டான 2019-இல் படத்தைச் செப்பனிட்டுப் புளூ-ரே தட்டுகளாகவும் வெளியிட்டனர். செத்த கிளி 'நார்வீஜியன் புளூ' என்னும் இனம் என்று கடைக்காரர் சாதிப்பதால், அப்பதிப்புக்கு 'நார்வீஜியன் புளூ-ரே' என்றே பெயர் சூட்டினர்.

வீட்டுப் பதிவு வந்ததனால் நகைச்சுவையைக் காணும் முறையே மாறியது. நான் இத்தொடரைக் குறுந்தட்டில்தான் கண்டேன். முதன்முறை பார்க்கையில் பாதி விளங்கவில்லை. நிறுத்தி, பின்னோக்கிச் சென்று, மறுமுறை பார்த்தபோது, முதற்காட்சியில் வந்த ஒரு சிறு சொல் கடைசிக் காட்சியில் எங்ஙனம் திரும்பி வருகிறது என்பது புலப்பட்டது. மற்றொன்றும் தெரிந்தது: அறைக்குள் நிகழும் காட்சிகள் தெளிவும் மின்னலுமாக இருக்க, தெருவில் நிகழ்பவை சற்று மங்கி, மணல் தூவியது போல் இருந்தன. காரணம் எளிது. அறைக் காட்சிகளைப் பார்வையாளர் முன்னிலையில் நாடாவில் பதிந்தனர். வெளிக் காட்சிகளைப் பிலிமில் எடுத்தனர். இந்த வேறுபாட்டையே அவர்கள் ஒரு துணுக்கில் வேடிக்கையாக ஆக்கியிருக்கிறார்கள்: அறையிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கும் ஒருவர், தாங்கள் பிலிமால் சூழப்பட்டிருப்பதாக அலறுகிறார். ஒருமுறை மட்டும் ஒளிபரப்பில் கண்டவர், இத்தகைய நுட்பங்களை ஆற அமர நோக்க இயலாது. நல்ல செய்யுளை மீண்டும் மீண்டும் ஓதுவதுபோல், நல்ல நகைச்சுவையையும் மீண்டும் மீண்டும் காண இடமளித்தது வீட்டுப் பதிவு.

நிலைத்து நின்றதனால்தான் இத்தொடர் எதிர்பாராத இடங்களிலெல்லாம் வேர் விட்டது. கணிப்பொறி பயிலும் மாணவர்கள் நாள்தோறும் எழுதும் 'பைத்தான்' மொழி, பாம்பின் பெயரால் அமைந்ததன்று. 1991-இல் அதை வெளியிட்ட கைடோ வான் ராசம், இத்தொடரின்பால் கொண்ட விருப்பத்தால் இட்ட பெயர் அது. வேண்டாத மின்னஞ்சலை 'ஸ்பேம்' என்கிறோம். எந்த உணவைக் கேட்டாலும் அதில் 'ஸ்பேம்' என்னும் தகரப்பெட்டி இறைச்சி கலந்தே வரும் ஒரு விடுதியைப் பற்றிய 1970-ஆம் ஆண்டுத் துணுக்கே அச்சொல்லுக்கு மூலம். நாடாக்கள் அழிந்திருந்தால், இவ்வழக்குகள் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

சாப்மன் 1989-இல், தொடரின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு முதல்நாள் மறைந்தார். ஜோன்ஸ் 2020-இல் மறைந்தார். அவர்கள் குரலும் குறும்பும் தட்டில் அப்படியே இருக்கின்றன. இன்று இணையத்தின் வழியே எதையும் பார்க்கலாம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அங்கே நாம் பார்ப்பது நம்முடையதன்று. உரிம ஒப்பந்தம் முடிந்தால், நேற்று இருந்த தொடர் இன்று இராது. முன்னர்ச் சொன்ன புளூ-ரே பதிப்பை வெளியிட்ட நிறுவனமே 2023-இல் மூடப்பட்டது. எனினும் அது வெளியிட்ட தட்டுகள் வாங்கியவர் வீட்டில் இன்றும் சுழல்கின்றன.

மாணவர்களே, உங்கள் கல்லூரி நாடகம், ஊர்த் திருவிழாவில் நிகழும் கூத்து, பாட்டியார் சொல்லும் வேடிக்கைக் கதை ஆகியவற்றுள் எது நாளை அருமையுடையதாகும் என்பதை இன்று எவராலும் கணிக்க இயலாது. அந்நாளில் நாடாவை அழித்தவர்கள் தீயவர்கள் அல்லர். இது வெறும் வேடிக்கைதானே என்று எண்ணியவர்கள். அந்த எண்ணம் நமக்கு வேண்டா. கையிலுள்ள கருவியில் பதிந்து வையுங்கள். இடமும் நாளும் பெயரும் குறித்து வையுங்கள். ஒரு படியை வேறோர் இடத்திலும் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு சிறிது. தவறினால் ஏற்படும் இழப்பை எந்தப் பொருளாலும் ஈடு செய்ய இயலாது.